தொழில்: கூலி

ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி.
வரைவுக் கொள்கை, பதினாறு பக்கம்.
ஆளுக்கொரு பிரதி, ஆளுக்கொரு சமோசா.
எண்ணெய் ஊறி
‘பொறுப்பு’ என்ற தலைப்பு
கண்ணாடித்தாள் ஆகிவிட்டது.
பின்பக்கத்து எழுத்து தெரிகிறது.

நான் மேலூர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஆள்.
‘களப் பிரதிநிதி’ என்று அட்டை வைத்திருந்தார்கள்.
அதன் பின்னால் உட்கார்ந்தேன்.

எட்டாம் பிரிவு:
இயந்திரம் பரிந்துரைக்கும்,
மருத்துவரே முடிவெடுப்பார்.
எல்லோரும் தலையாட்டினோம்.
நல்ல வரிதான்.
திங்கட்கிழமை பதினொன்றரைக்கு
டாக்டர் ஹபீபாவின் அறை வாசலில்
அந்த வரியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.
அதுவும் டோக்கன் வாங்கும்,
நூற்று நாற்பத்தேழு.

இயந்திரம் சொன்னதை ஏற்க
ஒரு தட்டு போதும்.
மறுத்தால் பெட்டி ஒன்று திறக்கும்:
‘காரணத்தை ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் பதிக.’
அதற்குள் வெளியே
மூன்று பேர் இருமி முடிப்பார்கள்.

பழிக்கவில்லை.
போன ஆடியில், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு,
நானும் பார்த்து, பயிற்சி டாக்டரும் பார்த்து
ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய படத்தில்
கொட்டாம்பட்டிப் பெண்ணொருத்தியின்
காறையெலும்புக்குப் பின்னால்
மிளகளவு நிழலை
அதுதான் வட்டமிட்டது.
பஸ் ஸ்டாண்டில் கொய்யா விற்கிறாள் இப்போது.
எனக்கு மட்டும் தராசு தாழும்.

ஆனால் சேவுகன்.
கல்குவாரியில் இருபத்திரண்டு வருஷம் துளை போட்டவர்.
காசநோய், என்றது. எண்பத்தொன்பது சதவீதம்.
சளியில் கிருமி இல்லை. இருந்தும் மாத்திரை.
ஆறு மாதம் கழித்து மறுபடி படம்,
தொண்ணூற்றொன்று.
கண்ணில் மஞ்சள் வேறு.
எந்த ஊர் நெஞ்சுகளைக் காட்டி
அதை வளர்த்தார்களோ,
அங்கே யாரும்
மலையை மூச்சில் இழுத்ததில்லை போலும்.

‘அது என்னையப் பாத்துச்சா,
எம் படத்தப் பாத்துச்சா?’
படத்தைத்தான், என்றேன்.
‘அப்ப நான் வந்துருக்க வேணாமே.
பஸ்ஸுக்கே நாப்பது ரூவா.’

மூன்றாம் முறை, ஹபீபா
திரையை விட்டுத் திரும்பி
அவர் கையைப் புரட்டினார்.
என்ன வேலை, என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சீட்டில் கட்டம் உண்டு.
நிரப்பியும் இருந்தது: கூலி.
எழுதியது நான்.
வயல், சூளை, கல், சுமை
எல்லாம் அந்த இரண்டெழுத்தில் அடங்கும்.
வரிசை சீக்கிரம் நகரும்.

காசநோய் என்றால் அரசாங்க மாத்திரை.
கல்தூசி என்றால்
குவாரிக்காரர் நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.
நிழல் ஒன்றுதான்.
பெயரைப் பொறுத்துப்
பணம் யார் பையிலிருந்து போகும் என்பது மாறுகிறது.
பதினாறு பக்கத்தில் இதைத் தேடினேன்.

‘களத்திலிருந்து ஏதாவது?’
கம்பெனிப் பையன் பேனாவைத் திறந்தான்.
நல்ல பையன், நிஜமாகவே கேட்க விரும்பினான்.
சொன்னேன்:
தொழில் கட்டத்தைப் பெரிசாக்குங்க.
மறுக்க ஐம்பது எழுத்து கேட்டா
ஏத்துக்கிறதுக்கும் ஐம்பது எழுத்து கேளுங்க.

ஏசி சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு யாரோ,
‘அது படிவ விஷயம் சார், கொள்கை விஷயமில்ல.’
நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி வந்தது:
திரை வடிவமைப்பு குறித்து ஆலோசனை பெறப்பட்டது.

மறுநாள் காலை.
முதல் சீட்டு, அயினான்.
என்ன வேலை?
‘கூலி.’
என்ன கூலி?
ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
பிறகு சொல்ல ஆரம்பித்தார்.
வரிசை முணுமுணுத்தது.

கட்டம் கொள்ளவில்லை.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
கல் மெருகு பட்டறை, ஒன்பது வருஷம்,
மூக்குக்குத் துணி கிடையாது.

இயந்திரம் ஓரத்தைப் படிக்காது.
ஹபீபா படிப்பார்,
டோக்கன் நூறைத் தாண்டாத நாளில்.